நாலு பேரைக் கேட்டு ஒரு டயர்

கேட்காமலே யோசனை சொல்கிறவரைப் பற்றி ஊரில் எல்லாரும் போதுமான அளவுக்குத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பாவம், அவரை விட்டுவிடுவோம். அவருக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்க்கிறாரே இன்னொருவர், அவரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார், பெரிய தெருவாக இருந்தால் இரண்டு பேர்கூட இருப்பார்கள். அவர்தான் நாலு பேரைக் கேட்கிறவர்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். குடைக் கடையில் ஒரு கையில் கறுப்புக் குடையையும் மறு கையில் பூப்போட்ட குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, தன் வேலையாக வந்து நிற்கும் வேற்று மனிதரிடம், "உங்களுக்கு இன்னா தோணுது?" என்று கேட்பவர் அவரே. கறுப்பு என்று பதில் வந்தால், "அதுவும் சரிதான்" என்பார். பின்னால் நிற்கும் அம்மாள் பூப்போட்டதுதான் லட்சணம் என்று சொன்னால், அதுவும் சரிதான். கடைக்காரர் வெயிலுக்கு வெள்ளைதான் உகந்தது என்று மூன்றாவது குடையை எடுத்து விரித்தால், அதுவும்தான். வேலூரில் மழைக்காலம் என்பதே விருந்தாளி மாதிரி வந்து போவது. அது வந்து, நனைத்து, போயும் விடும். குடை கடையிலேயே இருக்கும்.

விஷயம் தெரியாமல் கேட்கிறார் என்றா நினைத்தீர்கள்? ஏமாந்தீர்கள். நாலாவது ஆளைக் கேட்கும்போது அவருக்குக் குடையைப் பற்றிக் குடை செய்தவனுக்குத் தெரிந்ததைவிட ஜாஸ்தி தெரிந்திருக்கும். அவருக்கு வேண்டியது பதில் அல்ல. நாளைக்கு ஏதாவது ஏடாகூடமானால், "நான் அப்பவே நெனச்சேன், அவருதான் சொன்னாரு" என்று கை காட்ட ஒரு முகம் வேண்டும். ஒரு முகம் போதாது என்பதால் நாலு.

நம் ஏசுராஜையே எடுத்துக்கொள்வோம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். தங்கமான மனிதர், ஒருவரிடமும் கடுஞ்சொல் பேசாதவர், தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாக இருப்பவர். பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜியும் காபியும் முடிந்து, "தம்பிக்குப் பிடிச்சிருக்கா?" என்று பெரியவர்கள் கேட்டபோது, அவர் நேரே பெண்ணின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இன்னா தோணுது, எனக்குப் பிடிச்சிருக்கும்ங்களா?" என்று கேட்டாராம். லில்லி டீச்சர் அன்றைக்கே அவரை முழுசாகப் புரிந்துகொண்டு, "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் இன்னும் ஆலோசனையில்தான் இருந்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண், ரெனிட்டா. நர்ஸ் வேலை பார்த்தாள். வீட்டில் ஒரு காரும் இருந்தது. ஏசுராஜின் அப்பா ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு டிரைவராக இருந்தார். டாக்டர் தாய்நாட்டுக்குத் திரும்பும்போது, கப்பலில் ஏற்ற முடியாத பொருள்களில் ஒன்றாக அந்தக் காரை அவரிடம் விட்டுப் போனார். கறுப்பு உடம்பு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி கோத்த சக்கரங்கள் நாலு, முதுகில் மூட்டைபோல் மாட்டிய மாற்றுச் சக்கரம் ஒன்று.

ரெனிட்டா பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அந்தக் காரின் பக்கத்தில் நின்றுகொண்டு ஏசுராஜ் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "உன் கல்யாணத்துக்கு இந்தக் கார்லதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். கதவத் தொறந்து, கையப் பிடிச்சு, நானே உள்ள நடத்திட்டுப் போய் நிறுத்துவேன்." தம் ஆயுளில் யாரையும் கேட்காமல் அவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். பெண்ணும் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆம்பூர் மாப்பிள்ளை ஜோவினுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். காரைத் தட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் சிரித்துக்கொண்டே கிளம்பியது. ஆனால் டயர்கள் கோடைக்காலத்துப் பாலாற்றுக் கரை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஏசுராஜ் வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, டயர்க்கடை சம்பத்திடம் போனார்.

"போட்டுடலாம் சார்," என்றான் சம்பத். "ட்யூப் டயரா, ட்யூப்லெஸ்ஸா?"

சம்பத் ஒரு பாவமும் அறியான். வியாபாரத்துக்காகக் கேட்டான். ஆனால் நாலு பேரைக் கேட்கிறவரிடம் போய் இரண்டில் எது என்று கேட்பது, பொடி போடுகிறவரிடம் டப்பியைத் திறந்து நீட்டுகிற காரியம். ஏசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, "உனக்கு இன்னா தோணுது?" என்றார்.

அன்று தொடங்கியது. விஷயம் என்னவோ சின்னதுதான். பழைய வழக்கப்படி டயருக்குள் ஒரு ட்யூப் இருக்கும், காற்று அதற்குள் இருக்கும். ஆணி குத்தினால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும், ஆனால் எந்த மூலையிலும் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. புது வழக்கத்தில் ட்யூப் கிடையாது, டயரே சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக் காற்றை அடைத்துக்கொள்ளும். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் இந்தக் காருக்கோ கம்பிச் சக்கரம். ஒவ்வொரு கம்பியும் நுழைகிற இடத்தில் ஓர் ஓட்டை. ட்யூப் இல்லாவிட்டால் அத்தனை ஓட்டை வழியாகவும் காற்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி. இதை வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை நாள் ஓட்டலாம்? நீங்கள் ஒரு வாரம் என்பீர்கள். ஏசுராஜ் ஏழெட்டு மாதம் ஓட்டினார்.

பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ட்யூப் கட்சி.

"ட்யூப் இல்லாத டயரு இன்னா டயரு சார்? பனியன் போடாம சட்ட போட்ட மாதிரி. பாக்கறதுக்கு நல்லாருக்கும், வேர்த்தா தெரியும்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு ஏசுராஜ் அந்தப் பனியனைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய் அமீர் பாஷாவிடம் போட்டார். அமீர் பாஷா அவருடைய பழைய தோஸ்த், தோல் வியாபாரி. அவர் எதிர்க்கட்சி.

"பனியனாம் பனியன்!" என்று பொங்கினார் பாஷா. "மாட்டுக்கு ஆண்டவன் எத்தினி தோல் குடுத்தான் ஏசு சார்? ஒண்ணு. அதுக்கு உள்ள இன்னொரு தோல் வெச்சானா? மாடு நடக்கல?"

"கம்பி ஓட்டைல காத்து போய்டுமே பாய்?"

"எங்க பேக்டரில ஷூவுக்கு அடி ஒட்டறோமே, அந்தப் பசைய ஒரு பூச்சு பூசி விடு. வெள்ளக்காரன் மழையிலயும் பனியிலயும் மிதிச்சிக்கிட்டு நடக்கறான். பிரிஞ்சிச்சின்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது கெடையாது."

"அதுவும் சரிதான்," என்றார் ஏசுராஜ். பசையை எடுத்துக்கொண்டு வேலூருக்கு வந்து கோதண்டபாணியிடம் போட்டார். "ஷூவும் காரும் ஒண்ணா? ஷூவுக்குக் காத்தா அடிக்கறாங்க?" என்று அவர் சீறினார். அந்தச் சீற்றம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியிராத இரண்டு மனிதர்களை இப்படி ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் வைத்து ஜென்மப் பகையாளிகளாக்கிவிட்டு, நடுவில் ஏசுராஜ் மட்டும் பாலும் தேனுமாக இருந்தார். இதை இந்த இனத்தின் தனித் திறமை என்றே சொல்ல வேண்டும்.

அத்தோடு நின்றாரா? ஆஸ்பத்திரி கேன்டீனில் கேட்டார். பாடகர் குழுவில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கேட்டார். கல்கத்தாவிலிருந்து இருதயத்தைக் காட்ட வந்து டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இங்கிலீஷில் கேட்டார். அவர் டாக்டர் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் தம் மாமனாரின் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒடுகத்தூரிலிருந்து மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்க்க வந்த வேர்க்கடலை விவசாயி ஒருவர், "எங்க டிராக்டர் சக்கரத்துல பாதிக்குத் தண்ணி ஊத்திடுவோம் சார், கெட்டியா நிக்கும். நீங்களும் ஊத்துங்க" என்றார். அதுவும் சரிதான்.

தேவாலயத்தில் கல்யாண ஓலை எழுதியாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. கார் செங்கல் மேலேயே தவம் செய்தது. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்த ரெனிட்டா, சீருடையைக்கூட மாற்றாமல் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு நகை அது இதுன்னு ஒண்ணும் கேக்கலப்பா. யாரையும் கேக்காம நீயே போய் ஒரு டயர் வாங்கிட்டு வா. எந்த டயரா இருந்தாலும் சரி. எனக்கு அது போதும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் சிரிக்கவில்லை. ஏசுராஜுக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. "நீ சொல்றதும் சரிதாம்மா" என்றார். நிஜமாகவே உருகிப்போய், அன்று சாயங்காலமே கோதண்டபாணியின் வீட்டுக்குப் போய், "யாரையும் கேக்காம நானே முடிவு பண்ணிடலாம்னு இருக்கேன். உங்களுக்கு இன்னா தோணுது?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு முடிவு வந்தது. முடிவு என்று அதைச் சொல்வதற்குச் சம்பத்துக்கே வாய் வரவில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் ட்யூப் டயர், கோதண்டபாணிக்காக. பின் சக்கரம் இரண்டுக்கும் ஓட்டைகளில் ஷூ பசை பூசி ட்யூப்லெஸ், பாஷாவுக்காக. "இந்த மாதிரி நான் மாட்டினதே இல்ல சார்" என்றான் சம்பத். "இதுல யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு" என்றார் ஏசுராஜ். காரின் மனக்கஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

நாலை இரண்டாக வகுத்தால் இரண்டு. ஐந்தை? மாற்றுச் சக்கரம் ஒன்று இருந்ததே, அதற்கு எந்தக் கட்சி? கோதண்டபாணி வந்து, "ஸ்டெப்னிக்கு ட்யூப்தான சார்?" என்றார். "நீங்க சொன்னா அப்பீல் ஏது?" என்றார் ஏசுராஜ். பாஷா போன் போட்டு, "அஞ்சாவது நம்மளுது" என்றார். "உங்க இஷ்டந்தான் பாய்." பாஷாவுக்கு மனம் குளிர்ந்து, அந்தச் சக்கரத்துக்கு ஏற்றுமதித் தோலில், பித்தளைப் பொத்தான் வைத்து, கல்யாணப் பரிசாக ஓர் உறை தைத்தே அனுப்பிவிட்டார். அவ்வளவு அழகான உறை வேலூர் ஜில்லாவில் எந்தக் காரின் முதுகிலும் ஏறியிருக்காது. அதற்குள் ஏசுராஜ் எந்த டயரையும் போடவில்லை. கல்யாணம் முடிந்ததும் நிதானமாக இன்னும் இரண்டு பேரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று, வெறும் சக்கரத்தை மாட்டி, உறை சுருங்கித் தெரியாமல் இருக்கப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழம்புடவையை எடுத்துச் சுற்றித் திணித்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் ஆம்பூர்த் தேவாலயத்துக்குக் கார் புறப்பட்ட காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். கோதண்டபாணி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் கோட்டும் டையுமாக ஏசுராஜ். பின்னால் லில்லி டீச்சரும், வெள்ளைப் பட்டும் முக்காடும் பூச்செண்டுமாக ரெனிட்டாவும். நாற்கரச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாதி தார், பாதி ஜல்லி, அங்கங்கே மண் மேடு. விரிஞ்சிபுரம் தாண்டும்போது கோதண்டபாணி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த ஊர்ச் சாமி வழிப்போக்கர்களுக்குத் துணை வருகிறவர். பள்ளிகொண்டா வரைக்கும் வந்தும் இருப்பார். மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால் 'புஸ்' என்றும் சொல்ல முடியாத, பெருமூச்சு என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எந்தச் சக்கரம் என்பது இப்போது முக்கியமில்லை. "ஸ்டெப்னி இருக்கச்சொல்ல இன்னா பயம்?" என்று கோதண்டபாணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஏசுராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பித்தளைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தோல் உறை விலகியது. உள்ளேயிருந்து ஊதாப் பூப்போட்ட ஒரு புடவை சரசரவென்று வெளியே வந்து ஜல்லியில் விழுந்தது.

"இது என் ஈஸ்டர் புடவ!" என்றார் லில்லி டீச்சர். பிறகு வெறும் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது.

"ட்யூப்புதானன்னு கேட்டப்ப அப்பீல் ஏதுன்னீங்களே சார்?" என்றார் கோதண்டபாணி.

"போடறதாதான் இருந்தேன். பாயும் ஒண்ணு சொன்னாரு. அதான், ரெண்டு பேரயும்..." என்று ஏசுராஜ் இழுத்தார்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நம் ஊரில் சாலையோரத்தில் கார் நின்றால் கூட்டம் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஜல்லி கொட்ட வந்த லாரி டிரைவர், சைக்கிளில் பால் கேன் கட்டியவர், வயலிலிருந்து மண்வெட்டியோடு ஏறி வந்த இரண்டு பேர். ஒருவர் கீழே குனிந்து பார்த்து, "ட்யூப்பா, ட்யூப்லெஸ்ஸா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஷூ கம்பெனி பஸ் வந்தது. கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போகிற பஸ். ஜன்னலோரம் இருந்த மோகனா என்ற பெண், ஜல்லி மேட்டில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மணப்பெண்ணைப் பார்த்துவிட்டாள்.

"டிரைவர் அண்ணா, நிறுத்து நிறுத்து! கல்யாணப் பொண்ணு ரோட்டுல நிக்குது!" என்று கத்தினாள். பஸ் நின்றது. "எந்தக் கோயில் யக்கா? எங்க கம்பெனி வழிதான். ஏறு, ஏறு!" எட்டுப் பத்துக் கைகள் நீண்டன. பூச்செண்டு ஒரு கையில் போனது, முக்காடு இன்னொரு கையில் போனது, ரெனிட்டா நடுவில் ஏறினாள். லில்லி டீச்சர் புடவையை ஜல்லியிலிருந்து எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"அப்பா, வாப்பா!" என்று படியிலிருந்து ரெனிட்டா கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேம்மா, ஒரு நிமிஷம்!" என்றார் ஏசுராஜ்.

அவருக்கு வரக்கூடாது என்றா ஆசை? இல்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் எப்படி வருவது? "முன்னால ட்யூப் போட்டிருக்கு, பின்னால ட்யூப்லெஸ்ஸுங்க" என்று ஆரம்பித்தார். "அடப்பாவமே, மாத்தியில்ல போட்டிருக்கணும்" என்றார் பால்காரர். "யாரு சொன்னது? நாலும் ட்யூப்பு போட்டிருக்கணும்" என்றார் லாரி டிரைவர். மண்வெட்டிக்காரர்கள் இருவருக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. ஏழெட்டு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த நாலு பேர், தேடாமலே, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டார்கள். ஏசுராஜ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "சரி, இந்த ஸ்டெப்னிக்கு எது போடலாம்? உங்களுக்கு இன்னா தோணுது?" என்று கேட்டுவிட்டார். பதில்கள் முடிந்து அவர் திரும்பிப் பார்த்தபோது சாலையில் புழுதிதான் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நேரத்துக்குப் போகாவிட்டால் கம்பெனி கேட் சாத்திவிடும்.

கோதண்டபாணிதான் ஒரு லாரியை மறித்து அவரை ஏற்றிவிட்டார். பச்சைத் தோல் ஏற்றிய லாரி. உப்புப் போட்ட மாட்டுத் தோல்களின் வாசனையில் கோட்டும் டையுமாக ஏசுராஜ் ஆம்பூர் வரை உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க டிரைவரிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அவர் தேவாலயத்தின் வாசற்படியில் ஓடி ஏறியபோது உள்ளே பாட்டு முடிந்து நிசப்தமாக இருந்தது. முன்வரிசைக்கு முன்னால் ஜோவினும் ரெனிட்டாவும் நின்றார்கள். ரெனிட்டாவின் பக்கத்தில், அக்குளில் ஊதாப் பூப்போட்ட மூட்டையோடு லில்லி டீச்சர் நின்றார். பாதிரியார் புத்தகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு விவாகம் செய்துகொடுக்கிறது யார்?"

ரெனிட்டா திரும்பி வாசலைப் பார்த்தாள். வெளிவெயில் முதுகுக்குப் பின்னால் அடிக்க, நிழலாக நின்ற அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஏசுராஜ் வாயைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓடி வந்த மூச்சு தொண்டையில் இரைந்தது.

"நான்" என்றார் லில்லி டீச்சர்.

சபை உட்கார்ந்தது. ஏசுராஜ் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தோல் வாசனை தாங்காமல் கொஞ்சம் தள்ளிப் போனார். பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் யார் எடுத்து வைத்தார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை கேட்பதற்காக அல்ல.

கதை இவ்வளவுதான். எங்கேயோ வேலூரில் நடந்தது, நமக்கென்ன என்று எழுந்து போகலாம். போவதற்கு முன்னால் ஒன்று. வாசலில் மூச்சிரைக்க நின்ற அந்தத் தகப்பனை நினைத்து உங்களுக்கு வருத்தமாக இருந்தால் நல்லது, போய் வாருங்கள். அப்படியில்லாமல், 'அதெல்லாம் சரி, மாதனூரில் படுத்தது ட்யூப் போட்ட சக்கரமா, போடாத சக்கரமா?' என்று இவ்வளவு நேரமும் உங்கள் மனசு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நீங்களும் அந்த இனமாக இருக்கலாம். இல்லவே இல்லை என்று தோன்றினால் ரொம்பச் சந்தோஷம். எதற்கும் வெளியே ஒரு நாலு பேரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.